புரவலன் மாய்ந்த புல்வெளி

கொலராடோவின் மேற்கே, எல்க் மலைத்தொடரின் மடியில், ஈஸ்ட் ஆறு வளைந்து வளைந்து இறங்கும் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்கு 2,900 மீட்டர் மேலே காதிக் என்னும் பாழூர் இருக்கிறது. யூட் தொல்குடியினர் கோடைதோறும் வேட்டைக்கு ஏறிவந்த நிலம் அது. 1879இல் அதன் பாறைக்குள் வெள்ளி கண்டார்கள் வந்தேறிகள். 1881இல் யூட் மக்களிற் பெரும்பகுதியினர் யூட்டாவின் வறுநிலத்துக்குத் துரத்தப்பட்டார்கள். துரத்தியவர்க்கும் அம்மலை நெடுநாள் வாய்க்கவில்லை. வெள்ளி வற்றியது, விலை வீழ்ந்தது, மரவீடுகள் ஆளற்று நின்றன. 1928இல் ஜான் ஜான்சன் என்னும் உயிரியல் பேராசிரியர் அவ்வீடுகளை வாங்கி, ராக்கி மலை உயிரியல் ஆய்வகத்தை அங்கே நிறுவினார். பாறையைக் குடைந்தவர்கள் கால்தடுக்கும் இடையூறென்று வைத செல்வம் ஒன்று ஆண்டுதோறும் வானிலிருந்து இறங்கி, அரையாண்டுக்கும் மேலாக அப்பள்ளத்தாக்கை ஆண்டது. அச்செல்வத்தை அழுகிறேன்.

வெண்பனியே, வேந்தே! ஐப்பசியில் நின் முதற்படை மலைமுடிகளில் இறங்கும். கார்த்திகையில் புல்வெளியை மூடுவாய். மார்கழியில் வேலிகளை மறைப்பாய். தை பிறக்கையில் சாளரங்களின் உயரம் எழுந்து நிற்பாய். ஒரு குளிர்காலத்தில் நீ பொழிந்ததையெல்லாம் கூட்டினால் பத்து மீட்டரை எட்டும். இளம் ஆஸ்பன் மரங்களின் பாதியுடல் நின்னுள் நின்றது. ஆறு நின்னடியில் ஓடியது. பங்குனி கடந்தும் சித்திரை கடந்தும் நீ அகலமாட்டாய். வைகாசியில்தான் சரிவுகளின் தென்முகத்திலிருந்து ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குவாய். நீ பின்வாங்கிய ஒவ்வோர் அடியிலும் ஒரு பூ எழுந்தது.

நின்னைக் கொடியவன் என்பார், மலையில் வாழ்ந்தறியாதார். முகிலற்ற இரவுகளில் காற்று சுழிக்குக் கீழே 30 பாகைவரை இறங்கும். அவ்விரவுகளிலும் நின்னடியில் மண் சுழிப் பாகையை ஒட்டியே இருந்தது. நின் படிகங்களுக்கு இடையே சிக்கிய காற்று மண்ணின் வெப்பத்தை வெளியே விடவில்லை. வெளியின் குளிரை உள்ளேயும் விடவில்லை. கிழங்கும் வேர்த்தண்டும் நிலத்தோடு நிலமாய் ஒடுங்கிய மொட்டும் அந்த எல்லைக்கோட்டில் உயிர்பிடித்துக் கிடந்தன. பின்னர் நீ இறந்ததும் கொடையாகவே இருந்தது. உருகி மண்ணுக்குள் இறங்கினாய். அந்நாட்டில் ஜூன் வறண்ட மாதம். ஜூலையில்தான் தெற்கிலிருந்து பருவமழையின் முகில்கள் மலையேறி வரும். இடைப்பட்ட வாரங்களில் புல்வெளி பருகியது நின்னையே.

இவ்விரண்டு கொடைகளையும் எல்லாரும் அறிவர். மூன்றாவதை அறிந்தவர் குறைவு, அழவேண்டியதும் அதற்குத்தான். வெயிலை நீ வாசலில் நிறுத்தினாய். மார்ச் மாத வெயிலும் ஏப்ரல் மாத வெயிலும் மலைமேல் கடுமையானவை. மெல்லிய காற்றினூடே நேராய் இறங்குபவை. அவற்றின் அழைப்பு செடிகளின் செவிக்கு எட்டாதபடி மூன்று முழ வெண்மதிலாய் நடுவே நின்றாய். அழைப்பு எட்டியிருந்தால் செடிகள் எழுந்திருக்கும். எழுந்திருந்தால் ஜூன் நடுவரை அம்மலையை விட்டகலாத உறைபனி இரவுகளுக்கு இரையாகியிருக்கும். நீ மனமிரங்கி விலகும் நாளுக்குள் அவ்விரவுகளிற் பெரும்பாலானவை கழிந்திருந்தன. தாமதமே நின் அருளாக இருந்தது.

2011இல் நீ நிறைவாழ்வு வாழ்ந்தாய்; ஜூன் பிறந்தபின்னும் நிழற்சரிவுகளில் நின் மேனி கிடந்தது. அடுத்த குளிர்காலம் மெலிந்து வந்தாய். 2012 மார்ச் மாதம், அமெரிக்கப் பெருநிலத்தில் அதுவரை பதிவான மார்ச் மாதங்கள் அனைத்திலும் வெப்பம் மிக்கது. பகலில் இளகிய நின் உடல் இரவில் இறுகவில்லை. இளவேனில்தோறும் தென்மேற்குப் பாலைகளிலிருந்து செம்புழுதி எழுந்துவந்து நின்மேல் படிவதும் உண்டு. கால்நடைகளும் கலப்பைகளும் சக்கரங்களும் நூற்றைம்பது ஆண்டுகளாய்க் கிளறிவிட்ட புழுதி அது. வெண்மையே நின் கவசம். கதிரொளியை வந்த வழியே திருப்பியனுப்பிய கவசம். புழுதி பூசிய மேனியோ ஒளியை விழுங்கியது. விழுங்கிய ஒளி உள்ளே கனன்றது. வைகாசிவரை வாழ்ந்திருக்க வேண்டிய நீ, 2012இல் வாரக்கணக்கில் முந்தி மாய்ந்தாய். அப்படி முந்திய ஆண்டுகள் அப்பள்ளத்தாக்கின் பதிவேட்டில் மிகச் சிலவே.

நின் சாவை ஒருவரும் சாவென்று அறியவில்லை. மண்ணுக்கடியில் வெளிச்சம் புகுந்தது, ஈரம் இறங்கியது, கதகதப்பு வந்தது. வேனில் வந்ததென்றே அனைவரும் நம்பினர். முதலில் எழுந்தது ஸ்பிரிங் பியூட்டி, வெள்ளை இதழ்களில் செந்நிற நரம்போடியது. அடுத்தது கிளேசியர் லில்லி, உருகும் பனியின் விளிம்பிலேயே இரண்டு இலை விரித்து மஞ்சள் முகம் கவிழ்ப்பது. பின் நீலச் சிறு லார்க்ஸ்பர். பின் மெர்டென்சியாவின் தொங்கும் மணிகள். முறை மாறவில்லை, நாள் மாறியது. செடிகளுக்கு வேறு நாட்காட்டி ஏது? நீ விலகும் நாளே அவர்க்கு ஆண்டுப்பிறப்பு. நம்பியவர்மீது ஒரு பழியும் இல்லை. வாயிற்காவலன் வாயில் திறந்தான் என்றே அவர்கள் வெளியே வந்தார்கள். காவலன் வாயிலிலேயே விழுந்து கிடந்ததை அவர்கள் எப்படிக் காண்பார்கள்?

உறைபனி வருவது அழகான இரவுகளில். முகில் இராது, காற்று அசையாது, விண்மீன்கள் மலைமுடியில் கைக்கெட்டும் அளவில் நிற்கும். பகலெல்லாம் சேர்த்த வெப்பத்தை நிலம் தடையின்றி வானுக்கு இழக்கும். குளிர்ந்த காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். இலைகள் பல அதைத் தாங்கும். தரையோடு ஒட்டிய கொழுந்தும் தாங்கும். தாங்காதது மொட்டு. நீர் நிறைந்த அதன் இளந்திசுக்களில் பனிக்கட்டி முளைத்து உள்ளிருந்தே கிழிக்கும். விடிந்ததும் பார்ப்பவர்க்கு ஒன்றும் தெரியாது. புல்வெளி வெள்ளியாய் மின்னும். பகல் ஏறியபின்தான் மொட்டுகள் நிறம் மாறும். தண்டு பச்சையாய் நிற்கும். இலை பச்சையாய் நிற்கும். நுனியில் மட்டும் கருகிய ஒரு முடிச்சு இருக்கும். 2012இன் முந்திய வேனிலுக்குப் பின்னும் உறைபனி இரவுகள் வந்தன. அவை காலம் தவறி வரவில்லை. என்றும்போல், தம் நாளில் வந்தன. கடும் உறைபனியின் கடைசி நாள் முன்னோக்கி நகரவில்லை. நீ இறக்கும் நாளே நகர்ந்தது. இவ்விரண்டு நாள்களுக்கும் இடையே திறந்துகொண்ட இடைவெளியில்தான் அந்தக் கோடை வீழ்ந்தது.

ஆஸ்பன் சூரியகாந்தியின் துயரத்தை நான் தனியே சொல்லவேண்டும், ஏனெனில் அதன் துயரம் ஒரு குடும்பத்தின் துயரம். ஆஸ்பன் தோப்புகளின் ஓரத்திலும் திறந்த சரிவுகளிலும் இடுப்பளவு எழுந்து நின்று, பெரிய மஞ்சள் முகங்களைக் கிழக்கே திருப்பி வைத்திருக்கும் செடி அது. கதிரவனைத் தொடர்ந்து சுழலாது. விடியலை நோக்கி நின்றபடியே நிற்கும். பல்லாண்டு வாழும். பூத்தலையைத் தாங்கும் பச்சைச் செதில்களில் தேன் கசியும், பூ மலர்வதற்கு முன்பே. அத்தேனுக்கு எறும்புகள் ஏறிவரும். பூத்தலைக்குள் முட்டையிட்டுத் தம் புழுக்களுக்கு விதைகளை இரையாக்கும் ஈக்கள் அச்செடியைச் சுற்றித் திரியும். எறும்புகள் அவ்வீக்களை விரட்டும். கூலி தேன், வேலை காவல். இப்படியோர் ஒப்பந்தம் எழுத்தின்றிச் சாட்சியின்றி அப்புல்வெளியில் நின்று நிலவியது.

மொட்டு கருகியபின் அந்த ஒப்பந்தத்தை எவரிடம் காட்டுவது? 1992 முதல் 1998 வரையான ஆண்டுகளில், சராசரியாக நூற்றுக்கு 36 மொட்டுகள் உறைபனிக்கு இரையாயின. 1999 முதல் 2006 வரை அது நூற்றுக்கு 74 ஆயிற்று. இவ்வளவையும் எண்ணி எழுதியவர்களின் பொறுமையை வணங்குகிறேன். எண்ணிய விரல்கள் நடுங்கியிருக்கும். பகையாகிய ஈக்கும் இழப்பு. காவலாகிய எறும்புக்கும் இழப்பு. போருக்கு வந்தவனும் காக்க வந்தவனும் ஒரே வெறுங்கோட்டையின்முன் நின்றார்கள். செடிகள் இறக்கவில்லை, வேரும் இலையும் உயிரோடிருந்தன. பிணமில்லாத சாவு இது. பிறந்து மடிந்தவற்றை அழும் முறை நமக்குத் தெரியும். பிறக்கும் நாள் குறித்தபின் பிறவாமற்போனவற்றை எந்த முறையால் அழுவது?

மெக்சிகோவிலிருந்து வரும் ஓர் இரவலனை இங்கே நினைக்கிறேன். அகன்ற வாலுடைய ரீங்காரச்சிட்டு அது. அதன் எடை பெரும்பாலும் நான்கு கிராமைத் தொடாது. ஆண்பறவையின் இறக்கை நுனி பறக்கும்போது சீழ்க்கையொலி எழுப்பும். பறவையைக் காணுமுன் ஒலியைக் கேட்பர். குளிர்காலத்தைத் தெற்கே கழித்து, பாலைகளையும் மேட்டுநிலங்களையும் கடந்து, இளவேனிலில் இம்மலைக்கு ஏறிவரும். ஆண்கள் முன்னே வந்து இடம்பிடிக்கும். உறைகுளிர் இரவுகளில் உடல்வெப்பத்தைத் தாழ்த்தி, நெஞ்சுத் துடிப்பைக் குறைத்து, சாவின் விளிம்பில் உறங்கி விடியலில் மீளும். அவ்வளவு பாடும் எதற்கு? லில்லியின் தேனுக்கு, அதன்பின் லார்க்ஸ்பரின் தேனுக்கு, அத்தேனை நம்பி நெய்யவேண்டிய சிறு கூட்டுக்கு.

முன்னாளில் பறவை வந்து காத்திருக்கும்; பூ பின்னே வரும். புரவலன் முற்றத்தில் பாணன் காத்திருப்பது இழிவன்று. காத்திருக்கும் காலமும் விருந்தின் பகுதியே. ஆனால் 1970களை நோக்க, கிளேசியர் லில்லி 17 நாள்கள் முந்திப் பூக்கலாயிற்று. பறவையால் அவ்வளவு முந்த முடியவில்லை. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அதற்கு இம்மலையில் நீ எப்போது இறந்தாய் என்று எவர் சொல்வார்? பறவை வருவதற்கும் முதற்பூ மலர்வதற்கும் இருந்த இடைவெளி நாற்பதாண்டுக்குள் 13 நாள் சுருங்கிவிட்டது. இவ்வாறே போனால் ஒரு வேனிலில் பந்தி தொடங்கிவிட்டபின் அது வந்து சேரும். இன்னொரு வேனிலில் பந்தி முடிந்தபின். சிட்டே, சிறு பாணா, நீ வரும் வழியில் உனக்கு எதிரே வந்து, புரவலன் இறந்தான், வேறு நாடு நாடு என்று ஆற்றுப்படுத்தவும் ஆளில்லை. வேறு நாடும் இல்லை. மலைக்கு மேலே மலை இருக்கும்வரை ஏறலாம். அதற்கு மேலே வானம்.

லில்லிக்கும் துணை குறைந்தது. குளிர்காலம் முழுதும் மண்ணுக்குள் தனியே உறங்கி எழும் பம்பிள் தேனீயின் அரசிகளே அதன் முதல் விருந்தினர். வேளைக்கு வராத தேனீ. வேளை தப்பிய பூ. மகரந்தம் சேராத சூல், காயாக முற்றாமல் வாடும். விதையிலிருந்து எழுந்து முதற்பூ காண அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒரு வேனிலின் வெறுமையை அடுத்த வேனிலே ஈடுசெய்யும் செடியன்று.

மார்மன் ஃப்ரிட்டிலரி என்னும் செம்பொன் வண்ணத்துப்பூச்சியின் கதையில் நின் சாவு இரண்டு முறை கொல்கிறது. கோடை முதிர்கையில் மலரும் எரிகெரானின் ஊதா டெய்சிகளே அதன் உணவு. பெண்பூச்சி பருகும் தேனின் அளவே அதனால் இடமுடியும் முட்டைகளின் அளவு. நீ முந்தி மறைந்த ஆண்டில் எரிகெரானின் மொட்டுகளை உறைபனி கொல்லும், தேன் குறையும், முட்டை குறையும். தப்பிய முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள் ஒருவாய் இலையும் தின்னாமல், பிறந்த மேனியோடு நின் போர்வைக்குள் புகுந்து அடுத்த வேனிலுக்குக் காத்திருக்கும். அடுத்த வேனிலிலும் நீ முந்தி மாய்ந்தால் அப்புழுக்களும் மாயும். கரோல் பாக்ஸும் டேவிட் இனோயேயும் இதைக் கண்டு 2012இல் வெளியிட்டார்கள், அவர்கள் எழுதியது கண்முன்னே மெய்யாகிக்கொண்டிருந்த அதே ஆண்டில்.

இனோயேயின் பெயரைச் சொன்னேன். அவர் ஓர் இளம் ஆய்வாளராகக் காதிக்கு வந்து, ரீங்காரச்சிட்டுக்கும் தேனீக்கும் எவ்வளவு பூ கிட்டுகிறதென்று அறிய 1973இல் பூக்களை எண்ணத் தொடங்கினார். பாறைப்புல்வெளியிலும் ஈரப்புல்வெளியிலும் இரண்டு மீட்டர் சதுரங்களைக் குறித்து, வேனில் தொடங்கிய நாள்முதல் பூ ஓயும் நாள்வரை, இரண்டு நாளுக்கொரு முறை குனிந்து ஒவ்வொரு பூவையும் எண்ணினார். அவரோடு வந்தவர்களும் எண்ணினர். அவருக்குப் பின் வந்தவர்களும் எண்ணுகின்றனர். அதே பாழூரில், குளிர்காலத்தில் வேறெவரும் தங்காத மாதங்களிலும் தனியே தங்கி, நாள்தோறும் நின் உயரத்தை அளந்து ஏட்டில் எழுதிவந்த ஒருவரும் உண்டு. அவர் அறிவியலுக்காக எழுதவில்லை. நின்னோடு வாழ்ந்ததால் எழுதினார். பிற்பாடு பூக்கணக்கும் பனிக்கணக்கும் அருகருகே வைக்கப்பட்டபோதுதான் நீ இறந்த நாளும் பூக்கள் பிறந்த நாளும் ஒன்றென்று உலகம் அறிந்தது. மன்னர்க்கு மெய்க்கீர்த்தி எழுத அவைப்புலவர் இருந்தனர். நினக்கு இவர்கள்.

1974 முதல் 2012 வரை 39 ஆண்டுகள், 60 வகைச் செடிகள், இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பூக்கள் அவ்வேட்டில் உள்ளன. அப்படியோர் அன்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவ்வேட்டின் கடைசி வரிகளாக நின்றது அந்தத் துயரக் கோடை. மஞ்சள் முகங்கள் நிறைந்து நின்ற சதுரத்துக்கு முன்னே முழந்தாளிட்டு, தேடி, பார்த்து, மீண்டும் தேடி, சுழி என்று எழுதவேண்டும். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் மீண்டும் சுழி. சுழி எழுதுவதும் ஒப்பாரியே. குரலெழுப்ப இடந்தராத ஒப்பாரி.

அவ்வேடு வேறொன்றும் சொல்கிறது. முதற்பூ மலர்வது முதல் இறுதிப்பூ உதிர்வதுவரை உள்ள காலம் அந்த 39 ஆண்டுகளில் 35 நாள்கள் நீண்டிருக்கிறது. நீண்டது நலம்தானே என்று மகிழ்வார் இருக்கக்கூடும். அவர்கள் ஜூலை நடுவில் அப்புல்வெளிக்குப் போய் நிற்கட்டும். முன்னாளில் கோடையின் நடுவே ஒரே பெருக்காய் மலர்ந்த செழிப்பு, இப்போது முன்னும் பின்னுமாய் விலகி, நடுவில் வறண்ட ஒரு பள்ளத்தை விட்டுவிட்டது. பம்பிள் தேனீயின் குடிக்கு வேனில் முழுதும் இடையறாத உணவு வேண்டும். அரசி தனியே தொடங்கி, பணித்தேனீக்களைப் பெருக்கி, கோடை முடிவில் அடுத்த ஆண்டுக்கான இளவரசிகளை ஈன்று முடிக்கும் வாழ்வு அது. நடுவே சில வாரம் பட்டினி நேர்ந்தால் இளவரசிகள் பிறவார். பந்தியை இரட்டை நீளத்துக்கு விரித்து நடு இலைகளில் சோறிடாமல் விட்டால் அதை விருந்தென்று யார் சொல்வார்?

வரப்போவதை முன்பே அறிந்த ஒரு துண்டு நிலமும் அங்கே உண்டு. ஜான் ஹார்ட் என்னும் இயற்பியலறிஞர் 1991 தொடக்கத்தில் காதிக் புல்வெளியின் சில பாத்திகளுக்கு மேலே வெப்பவிளக்குகளைத் தொங்கவிட்டு, இரவும் பகலும் கோடையும் குளிரும் எரியவைத்தார். அப்பாத்திகளில் நீ முந்தி மறைந்தாய்; மண் முந்தி உலர்ந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, அகன்ற இலையும் வண்ணப்பூவும் கொண்ட செடிகள் மெலிந்தன. சாம்பல்நிறச் சேஜ் புதர் நெருங்கிவந்து அவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டது. ஆழ வேரோடி நீர்காணும் வலிய புதர் அது; அதன்மேல் எனக்கு வெறுப்பில்லை. தாழ்வான வறுநிலங்களில் அதற்கென்றொரு மணமும் மாண்பும் உண்டு. ஆயினும் விளக்கின்கீழ் இருபதாண்டுகளாய் வாடிய பாத்திகள் காட்டிய முகத்தை, விளக்கில்லாப் பள்ளத்தாக்கு முழுவதும் 2012இல் காட்டியபோது, அதைச் சோதனை என்று சொல்லி ஆறுதல் கொள்ள இடமில்லாமற்போயிற்று.

போரில் வீழ்ந்த வேந்தனைப் பாடும்போது, கொன்றவன் குடியும் கொடியும் பாட்டில் வரும். நின்னைக் கொன்ற கையைப் பெயர்சொல்லிச் சுட்ட முயல்கிறேன். அது என் கையாகவும் இருக்கிறது. ஆலைகளும் ஊர்திகளும் மின்நிலையங்களும் மண்ணுக்கடியிலிருந்து எடுத்து எரித்தவை காற்றில் ஏறின. பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, அந்த ஆண்டில் 390ஐத் தாண்டிவிட்டிருந்தது. அம்மலையை ஒருநாளும் காணாதவர்கள், நின் பெயரை ஒருநாளும் கேளாதவர்கள், தத்தம் அடுப்பையும் விளக்கையும் ஏற்றிக்கொண்டே நின் ஆயுளில் நாள்நாளாய்க் கிள்ளினார்கள். அவ்வாறு கிள்ளியவர்களில் நானும் ஒருவன். 2012 ஜூனில் மாநிலத்தின் கிழக்குச் சரிவில் வால்டோ கேன்யன் தீ எழுந்து கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் ஓரத்தில் 346 வீடுகளை எரித்தது. அச்செய்தி உலகெங்கும் போயிற்று, போகவேண்டியதே. காதிக் சரிவுகளில் கருகிய மொட்டுகளுக்கோ புகையில்லை.

தெற்கே அண்மையில் கிரெஸ்டெட் பியூட் என்னும் ஊர் இருக்கிறது. கொலராடோவின் காட்டுப்பூத் தலைநகர் என்று மாநிலம் பட்டம் சூட்டிய ஊர். ஜூலைதோறும் அங்கே பூத்திருவிழா. தந்தையரும் தாயரும் குழந்தைகளோடு வந்து, லூபினையும் கொலம்பைனையும் காட்டி, பெயர் சொல்லித் தருவர். மெலிந்த கோடையிலும் எங்கோ ஓர் ஈரச்சரிவில் ஏதோ ஒரு பூ நிற்கும். குழந்தை அதைக் கண்டு மகிழும். அம்மகிழ்ச்சி மெய். அதுவே எனக்கு மிகவும் நோகிறது. நிறைந்த புல்வெளியை அறியாத கண்ணுக்கு மெலிந்ததே நிறைவு. இருபதாண்டு கழித்து அக்குழந்தை தன் மகளுக்குக் காட்டும்போது, இதைவிடக் குறைந்ததைக் காட்டி, இப்படித்தான் எப்போதும் இருந்தது என்று நம்பிச் சொல்லும். புரவலனையே அறியாத தலைமுறையிடம் அவன் இறந்தான் என்று சொல்லி அழ, யார் எஞ்சியிருப்பார்?

கடைசியாக, அப்புல்வெளியின் முதுகுடிக்கு வருகிறேன். மான்யுமென்ட் செடி என்பர் அதை, ஜென்ஷியன் குடும்பத்தது. நிலத்தில் படிந்த நீண்ட இலைகளின் வட்டமாய் இருபது, முப்பது ஆண்டுகள், சில அதற்கும் மேலாக, பூவின்றி வாழும். பின் ஒரு கோடையில் ஆளுயரத் தண்டு ஒன்றை எழுப்பி, நூற்றுக்கணக்கில் இளம்பச்சை மலர்களை விரித்து, வண்டும் தேனீயும் மொய்க்க நின்று, விதை தந்து, வேரோடு மடியும். குறிஞ்சியைப் பாடிய மொழியில் இதற்கு விளக்கம் வேண்டா. ஒருவர் மட்டும் பூப்பதில்லை. சரிவு முழுவதும் ஒரே ஆண்டில் எழுந்து நிற்கும் கோடைகள் உண்டு. மற்ற கோடைகளில் அங்கொன்றும் இங்கொன்றும்.

அது தன் பூவை மலரும் ஆண்டில் தொடங்குவதில்லை. தண்டும் மொட்டும் மண்மட்டத்துக்குக் கீழே, முளைக்குருத்தின் உள்ளே, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே உருக்கொண்டுவிடுகின்றன. ஜூலையிலும் ஆகஸ்டிலும் பெய்யும் மழையின் அளவு நான்காண்டு கழித்து எத்தனை தண்டுகள் எழும் என்பதை முடிவுசெய்கிறது. ஆதலால் 2012இல் காதிக் சரிவில் எழுந்து நின்ற தண்டுகள் 2008இன் ஈரத்தில் கருவானவை. அவற்றைப் பார்த்து, இந்தக் கோடையிலும் இவர்கள் பூத்தார்களே என்று தேறிக்கொண்டவர்கள், நீ வாழ்ந்த நாளின் கொடையைக் கண்டுதான் தேறினார்கள். அந்தக் கோடை எழுதியதோ 2016இன் ஏட்டில். இலைவட்டங்களுக்குள்ளே, எந்தக் கண்ணும் புகாத ஆழத்தில், அந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் எத்தனை கருக்கொண்டன, எத்தனை கருக்கொள்ளவில்லை என்பதை, இரண்டு நாளுக்கொரு முறை முழந்தாளிட்டு எண்ணிய அவர்களாலும் அன்று எண்ண முடியவில்லை. சுழி எழுதவும் அவற்றுக்கு ஏட்டில் ஓரிடம் இல்லை.